நேரத்துக்கு விலை போடுங்கள்!

கையால் வடிவமைத்த ஒட்டு நகங்களை, அதாவது ‘பிரஸ் ஆன்’ நகங்களை, வீட்டிலிருந்தே செய்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் தொழிலில் இன்று பல பெண்கள் இறங்குகிறார்கள். கடை வாடகை இல்லை, பெரிய முதலீடு இல்லை, ஒரு மேசையும் சிறிய விளக்கும் கைபேசியும் இருந்தால் போதும் என்பதே இந்தத் தொழிலுக்குச் சொல்லப்படும் பெருமை. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் குறைந்த முதலீட்டிலேயே இதன் பெரிய ஆபத்தும் இருக்கிறது. பொருளுக்கு ஆகும் செலவு சிறியது என்பதால் விற்கும் விலையும் சிறியதாகவே இருக்கலாம் என்று தொடங்குபவர் நினைத்துவிடுகிறார். உண்மையில் ஒரு செட் நகத்தில் அதிகம் செலவாவது அவருடைய நேரம். அந்த நேரத்துக்குக் கணக்கு எழுதினால் இது தொழில். எழுதாவிட்டால் கூலியில்லாத வேலை. நல்ல கைத்திறன் உள்ள பெண்கள் இந்தத் தொழிலில் நிலைப்பதும் சோர்ந்து விலகுவதும் இந்த ஒரு கணக்கைப் பொறுத்தே அமைகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு செட் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். வெற்று டிப்கள், அதாவது வேலைப்பாடு இல்லாத ஒட்டு நகங்கள், பெரும்பாலும் 0 முதல் 9 வரை பத்து அளவுகளில் கிடைக்கின்றன. எண் ஏற ஏற அகலம் குறையும். 0 அகலமான கட்டைவிரலுக்கு, 9 சுண்டுவிரலுக்கு. வாங்குபவரின் பத்து விரல்களுக்கும் தனித்தனியாக டிப் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவருடைய இடது கையும் வலது கையும்கூட எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பிறகு சதையோடு சேரும் அடிவிளிம்பை ஃபைலால் தேய்த்து மழுங்கவைத்து, மேற்பரப்பை லேசாக உரசி, ஆல்கஹாலால் துடைத்து, ஸ்டாண்டில் ஒட்டி நிறுத்த வேண்டும். அதன்மேல் பேஸ் கோட், இரண்டு பூச்சு நிறம், ஓவியமோ கல் வேலையோ, கடைசியாக டாப் கோட். ஜெல் பாலிஷ் காற்றில் உலர்வதில்லை. விளக்கின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் இறுகும். ஆகவே ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் பத்து நகங்களும் விளக்குக்குள் போய்வர வேண்டும். இத்தனைக்கும் முன்னால் வாங்குபவரோடு பேசி, அளவு வாங்கி, டிசைன் முடிவு செய்யும் நேரம் இருக்கிறது. முடித்த பிறகு படம் எடுத்து, பெட்டியில் அடுக்கி, கூரியர் அலுவலகம் வரை போய்வரும் நேரம் இருக்கிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். டிப், ஜெல், கற்கள், பசை, பெட்டி எல்லாம் சேர்ந்து 100 ரூபாய், கூரியர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேசி அளவெடுக்க முக்கால் மணி, டிப்பைத் தயார் செய்ய அரை மணி, பூச்சுக்கும் ஓவியத்துக்கும் இரண்டு மணி, படம் எடுத்துக் கட்டி அனுப்ப முக்கால் மணி. ஆக நான்கு மணி நேரம். கூரியர் உட்பட 300 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 140 ரூபாய். மணிக்கு 35 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து இரண்டு செட் முடித்தாலும் நாளுக்கு 280 ரூபாய்தான். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். கண்ணும் விரலும் பழகிய ஒரு கைவினைஞர் அதற்கும் கீழே சம்பாதிக்கிறார். அது அவருக்கே தெரிவதில்லை. தினமும் கைபேசியில் பணம் வந்து விழுவதால் லாபம் வருவதாகவே தோன்றும். இதையே திருப்பிப் போடுங்கள். மணிக்கு 100 ரூபாய் வேண்டும் என்றால் உழைப்புக்கு 400, பொருளுக்கும் கூரியருக்கும் 160. பத்தில் ஒரு செட்டை மறுபடி செய்து தர நேரலாம் என்பதற்காக ஏறத்தாழ 56. விளக்கு, தூரிகை தேய்மானத்துக்கு 34. மொத்தம் 650 ரூபாய். இந்த எண்கள் ஊருக்கும் ஆளுக்கும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இயந்திரத்தோடு போட்டியா?

இங்கே முதல் எதிர்ப்பு எழும். தொழிற்சாலையில் செய்த செட் மிகக் குறைந்த விலைக்கு ஆன்லைனில் கிடைக்கும்போது 650 ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்கள்? ‘எங்களுடையது கைவேலை’ என்று பதில் சொல்வது வழக்கம். அந்தப் பதில் போதாது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் உள்ள டோங்ஹாய் வட்டாரம் நெடுங்காலமாகப் படிகக் கல் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. அண்மை ஆண்டுகளில் அதே ஊர் ஒட்டு நகங்களின் பெரும் உற்பத்தி மையமாகவும் வளர்ந்திருக்கிறது. அங்கேயும் நகங்களுக்குக் கையாலேயே வேலைப்பாடு செய்து, நேரலை விற்பனையிலும் வெளிநாட்டு ஏற்றுமதியிலும் விற்கிறார்கள். ஆக, கைவேலை என்ற பெயர் மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது. விலைக் குறைப்பில் அவர்களோடு மோதும் தனிப் பெண்ணுக்குத் தோல்வி நிச்சயம்.

அவர்களால் எளிதில் தர முடியாதது ஒன்று உண்டு: இந்தக் குறிப்பிட்ட பத்து விரல்களுக்கான அளவு. தொழிற்சாலைப் பெட்டியில் 24 அல்லது 30 நகங்கள் பல அளவுகளில் கலந்து வரும். பொருந்துவதை வாங்குபவரே தேடிக்கொள்ள வேண்டும். நகம் ஒரு மில்லிமீட்டர் அகலம் கூடினால் ஓரம் தோலின் மேல் ஏறும், தலைமுடியில் சிக்கும், சீக்கிரம் பெயரும். குறுகினால் இரண்டு ஓரங்களிலும் சொந்த நகம் தெரியும். ஆகவே இந்தத் தொழிலின் அடிப்படைத் திறமை ஓவியத்தைவிட அளவெடுப்பதில் இருக்கிறது. எண் எழுதிய வெற்று டிப்களைச் சிறு கட்டணத்துக்கு முதலில் அனுப்பிப் போட்டுப்பார்க்கச் சொல்வது சிறந்த வழி. அதற்கு நேரமில்லை என்றால், நகத்தின் குறுக்கே செலோடேப் ஒட்டி, இரு ஓரங்களிலும் பேனாவால் குறித்து, ஸ்கேலில் மில்லிமீட்டர் பார்க்கச் சொல்லலாம். அந்த அளவை வாங்குபவரின் பெயரோடு பதிவு செய்து வைத்துவிட்டால் அடுத்த ஆர்டருக்குப் பாதி வேலை முடிந்தது. முகூர்த்தப் புடவையின் நிறத்தைப் பார்த்து, வரவேற்பு உடைக்கு வேறொரு செட் சேர்த்து, ஊருக்குள்ளேயே இருந்து பழுது பார்த்துத் தரும் வசதியும் தொலைவில் உள்ள தொழிற்சாலைக்குக் கிடையாது. வாங்குபவர் தருவது இந்தச் சேவைக்கான விலை.

நம் ஊரில் இதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்பது அடுத்த எதிர்ப்பு. நம் ஊர்ச் சான்றே இதற்கு மறுப்பு. கல்யாணப் பிளவுஸுக்கு ஆரி வேலை செய்யக் கொடுப்பவர்கள், வேலைப்பாட்டின் அடர்த்தியைப் பொறுத்து ஆயிரக்கணக்கில் தருகிறார்கள். துணியின் விலையையும் ஜரிகையின் விலையையும் கூட்டிப் பார்த்து யாரும் பேரம் பேசுவதில்லை. மெஹந்தி போடுபவர் கூம்பில் இருக்கும் மருதாணிக்காகப் பணம் கேட்பதில்லை. மணிக்கட்டு வரையா, முழங்கை வரையா என்று கேட்டு உழைப்புக்கு விலை சொல்கிறார். உழைப்புக்குக் காசு கொடுக்கும் பழக்கம் இந்தச் சமூகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நகத்துக்கும் நீட்டிக்க, விலைப்பட்டியலை அவர்களைப்போலவே அமைக்க வேண்டும்: ஒரே நிறத்துக்கு ஒரு விலை, எளிய ஓவியத்துக்கு ஒரு விலை, கல்லும் புடைப்பு வேலையும் சேர்ந்தால் ஒரு விலை. எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அந்தப் பட்டியலின் அளவுகோல்.

‘முதலில் குறைந்த விலைக்குக் கொடுத்து ஆள் சேர்ப்போம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற யோசனையில் நியாயம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் மலிவுக்காக வந்தவர் விலை ஏறினால் போய்விடுவார். அவர் அனுப்பிவைக்கும் தோழிகளும் மலிவையே தேடி வருவார்கள். பழகும் காலத்தில் கை தடுமாறும் என்பது உண்மைதான். அதற்குச் சரியான வழி, நான்கைந்து எளிய டிசைன்களை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை விரைவாகவும் பிசிறில்லாமலும் செய்யப் பழகுவது. தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முழு விலையை எழுதி, கழித்த தொகையை அதன் கீழே எழுதுங்கள்; உண்மை விலை வாங்குபவர் மனத்தில் பதியட்டும். வீட்டில் இருந்து செய்யும் வேலைக்கு மதிப்புக் குறைவு என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நெல்லை, தென்காசிப் பக்கம் தலைமுறைகளாகப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலியைத் தீர்மானித்தவர்கள் வேறு யாரோ. ஒட்டு நகம் செய்பவருக்கு விலை சொல்லும் அதிகாரம் தன் கையிலேயே இருக்கிறது. அதைத் தானே விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பு.

உடம்பும் கணக்கில் உண்டு

நேரத்தைப்போலவே கணக்கில் வராமல் போகும் இன்னொன்று உடல்நலம். இறுகாத ஜெல்லில் உள்ள அக்ரிலேட் வகை வேதிப்பொருள்கள் தோலில் படப்பட ஒவ்வாமையை உண்டாக்கலாம். 2018இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் இதுபற்றி எச்சரித்தது. பிரிட்டன், அயர்லாந்து மையங்களில் சோதிக்கப்பட்ட நோயாளிகளில் 2.4 சதவீதத்தினருக்கு இவ்வகைப் பொருள்களில் ஒன்றுக்காவது ஒவ்வாமை இருந்தது. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது; பல் அடைப்பு, மூட்டு மாற்று சிகிச்சை ஆகியவற்றிலும் இதே குடும்பப் பொருள்கள் பயன்படுவதால் அங்கேயும் சிக்கல் வரலாம். ஒட்டு நகத்தை அணிபவரிடம் போவது இறுகிய ஜெல். ஈர ஜெல்லோடு நாள்முழுதும் பழகுபவர் செய்பவர்தான். ஆபத்தின் பெரும்பங்கு அவருக்கே. ஐரோப்பிய ஒன்றியம் ‘ஹீமா’ என்ற அக்ரிலேட் வகைப் பொருள் கலந்த நகப்பூச்சுகளைத் தொழில்முறையாளர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. ஜெல்லை விளக்கில் இறுகச் செய்யும் ‘டிபிஓ’ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. எனவே மூலப்பொருள் பட்டியல் அச்சிடாத மலிவு ஜெல்லை வாங்கக்கூடாது. கையுறையை அடிக்கடி மாற்ற வேண்டும், ஃபைல் தூளுக்கு முகக்கவசம் வேண்டும், ஜெல்லுக்கு ஏற்ற விளக்கில் சொன்ன நேரம் முழுதும் வைக்க வேண்டும். இவை எல்லாம் செலவு. எல்லாம் விலையில் ஏற வேண்டியவை. 300 ரூபாய்க்கு விற்பவர் முதலில் கைவிடுவது இவற்றைத்தான்.

அணிபவருக்கும் உண்மையைச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒட்டும் ஜெல் ஸ்டிக்கர் ஒரு நாள் விசேஷத்துக்குப் போதும். நகத்துக்கும் தீங்கில்லாமல் கழன்றுவரும், செட்டை மறுபடி அணியலாம். பசை கூடுதல் நாள் தாங்கும், ஆனால் பிய்த்து எடுத்தால் சொந்த நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரியும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்தே கழற்ற வேண்டும். நகத்துக்கும் ஒட்டுக்கும் இடையில் ஈரம் தங்கினால் கிருமி வளரும். கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு, நோயாளியைத் தொடும் செவிலியருக்கு, சமையல் வேலை செய்பவருக்கு, நினைத்தபோது கழற்றிவைக்க முடிவதே இதன் பெரிய நன்மை. அந்த நன்மையைச் சொல்லி விற்பது நேர்மையும் ஆகும், நல்ல வியாபாரமும் ஆகும்.

இது சில வருட மோகம், நம்பி இறங்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டிசைன் மாறும், கல்யாணத்துக்குக் கையை அழகுபடுத்தும் ஆசை மாறாது. கவனிக்க வேண்டியது மோகத்தைவிடப் பருவத்தை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் ஆர்டர் இளைக்கும். ஆவணியிலும் தையிலும் தாங்க முடியாத அளவுக்கு வரும். வருடத்தின் வருமானத்தை மாதங்களில் பரப்பிப் பார்த்துத்தான் கடன் வாங்க வேண்டும். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. இந்தத் தொழிலைத் தொடங்க அவ்வளவுகூடத் தேவையில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டாதவரை தமிழ்நாட்டுக்குள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்பத் தொடங்கினால் விதி மாறும் என்பதால், வெளிமாநில ஆர்டர் எடுக்குமுன் கணக்காளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் பயிற்சி மையங்களும் சுயஉதவிக் குழுக்களும் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திவிடக்கூடாது. மணிக்கணக்கை எழுதி விலை நிர்ணயிக்கும் பாடத்தை முதல் நாளே தொடங்க வேண்டும். தனியாகத் தொடங்குபவர் முதல் பத்து செட்டுகளுக்கு ஒரு நோட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், பொருள் செலவு மூன்றையும் எழுதட்டும். பதினோராவது செட்டின் விலையை அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். சிலர் வாங்காமல் போவார்கள், போகட்டும். அந்த விலையைக் கொடுத்து வாங்குபவர்களை வைத்துத்தான் இந்தத் தொழில் நடக்கும், செய்பவரின் வீடும் நடக்கும்.