ஏகாரமும் 'தான்' என்னும் சொல்லும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மணலூர்பேட்டையில், தைத் திங்கள் ஐந்தாம் நாள், தென்பெண்ணையாற்றில் தீர்த்தவாரி நிகழும். அதன்பொருட்டுத் திருவண்ணாமலையினின்று அண்ணாமலையார் எழுந்தருளுவார். அதனை ஊரார், "அண்ணாமலையார் இன்று ஆற்றுக்கு வருவார்" என்பர். மாணவர்களே! இத்தொடரில் ஓர் ஏகாரத்தை இட்டுப் பாருங்கள். "இன்றே வருவார்" என்றால், நாளை என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாதே என்பது பொருள். "ஆற்றுக்கே வருவார்" என்றால், ஊருக்குள் நின்று காத்திராதே என்பது பொருள். எழுத்து ஒன்றே, அது சென்று அமரும் இடந்தோறும் பொருள் வேறாகின்றது.

இவ்வேகாரத்திற்குத் தொல்காப்பியர் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறினார். 13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலில் இசைநிறையையும் சேர்த்து ஆறென்றார். "ஆறே, குளமே, கிணறே என மூன்றும் வற்றின" என்பது எண். ஈற்றசையும் இசைநிறையும் செய்யுளுக்கு உரியன, அவை நிற்க. நாம் ஊன்றி நோக்க வேண்டியவை தேற்றமும் பிரிநிலையுமே. ஐயம் நீக்கி உறுதி கூறுவது தேற்றம். பலவற்றுள் ஒன்றைப் பிரித்துப் பிறவற்றை விலக்குவது பிரிநிலை.

இக்காலப் பேச்சில் ஏகாரத்தின் இடத்தைப் பெரும்பாலும் 'தான்' என்னும் சொல் பெற்றுள்ளது. அதுவும் இவ்விரு பொருளையும் சுமக்கின்றது. ஆங்கிலத்திலோ தேற்றத்திற்கு 'இன்டீட்' என்பர். 'செயலில்', அஃதாவது 'மெய்யாக' என்னும் இரு சொற்கள் ஒட்டிப் பிறந்த சொல் அது. பிரிநிலைக்கு 'ஒன்லி' என்பர். நம்மவர் 'நாளைதான் வருவார்' என்பதை ஆங்கிலத்தில் கூறுங்கால், தேற்றம் வேண்டிய இடத்தும் 'ஒன்லி' என்றே வைப்பர். அதனைக் கேட்டு நகைப்பவர் உளர். யான் நகையேன், தமிழின் 'தான்' அங்கே வேற்றுடை உடுத்து நிற்கின்றது.

இவ்விரு பொருளையும் மயங்கக் கொண்டு யானே ஒருமுறை பிழை செய்தேன். வகுப்பிலிருந்த நிலப்படம் கிழிந்து கிடந்தது. ஒரு மாணவனைச் சுட்டி, "அங்கு நின்றவன் இவனா?" என்று மற்றொருவனை வினவினேன். "இவன்தான் ஐயா" என்றான் அவன். பிறர் எவரும் அங்கு இல்லை என்று கொண்டு, சுட்டப்பட்டவனை ஒறுத்தேன். மறுநாள் சான்று கூறியவன் தயங்கித் தயங்கி வந்தான். "ஐயா, மூவர் நின்றார்கள். தாங்கள் இவனைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள்" என்றான். அவன் கூறியது தேற்றம். யான் கேட்டது பிரிநிலை. அன்றே வகுப்பினர் அனைவரும் கேட்க, ஒறுக்கப்பட்டவனிடம் என் பிழையைக் கூறினேன்.