விமானத்திலிருந்து எண்ணிய எரிநட்சத்திரங்கள்

சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வரும் டெம்பல்-டட்டில் வால்நட்சத்திரம், வழியெங்கும் தூசியை உதிர்த்துச் செல்கிறது. நவம்பர் மாத நடுவில் பூமி அத்தூசியினூடே புகும்போது, சிம்ம ராசியின் திசையிலிருந்து எரிநட்சத்திரங்கள் பாய்கின்றன. தூசிதானே என்று இகழலாகாது. வினாடிக்குச் சுமார் 71 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மணலளவான துகளும் செயற்கைக் கோளுக்கு ஊறு செய்ய வல்லது. ஆகவே பொழிவு எப்பொழுது வலுக்கிறது என்பதை உடனுக்குடன் அறிய வேண்டியிருந்தது.

தரையில் நிற்போரின் பார்வையை மேகம் மறைத்துவிடும். 1999ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் இரவில், அமெரிக்க விமானப் படையின் இரு விமானங்கள் நாசாவின் ஆய்வாளருடன் இஸ்ரேலிலிருந்து அசோர்ஸ் தீவுகளை நோக்கிப் பறந்தன. எரிநட்சத்திரங்கள் எரிவதோ சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில். விமானம் அவற்றை எட்டிவிடவில்லை. ஆனால் மேலே காற்று தெளிவாதலால் அடிவானம் வரை காணலாம்; அத்திசையில் வானப்பரப்பும் மிகுதி. ஒரே எரிநட்சத்திரத்தை இரு விமானங்களும் கண்டால் அதன் உயரத்தையும் கணக்கிடலாம்.

அன்று எண்ணியவர் மனிதரே! காமிராக் காட்சியை மூக்குக்கண்ணாடிபோல் அணிந்து, ஒவ்வொன்று தோன்றும்போதும் விசையை அழுத்தினர். அக்கணக்கு தரைக்கு அனுப்பப்பட்டது.

கணிப்பொறியின் முறை வேறு. முந்திய படத்தைப் பிந்தியதிலிருந்து கழித்தால் நிலையான நட்சத்திரங்கள் மறைந்து, நேர்கோட்டில் ஓடிய ஒளி எஞ்சும். விமானம் அசைந்தால் நட்சத்திரங்களும் நகர்ந்து ஏமாற்றும். முதலில் படங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கணிப்பொறிக்கு அலுப்பில்லை, ஐயமான கோடுகளை மட்டும் மனிதக் கண் பார்த்துத் தீர்க்கிறது.