கைத்திறனும் காலமும்

எந்தத் தொழிலும் பழகப் பழகவே கைவசமாகும் என்பது நம் மக்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயமன்று. தறியில் அமரும் இளைஞனும், வீணையைத் தொடும் சிறுமியும், கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியும் அநுபவத்தில் கண்ட உண்மை இது. ஆயினும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் பழகுவது, எந்த முறையில் பழகுவது, பழகியது நிலைத்ததா என்பதை எப்போது சோதிப்பது என்ற கேள்விகளுக்கு நாம் பெரும்பாலும் அநுமானத்தைக் கொண்டே விடையளித்து வருகிறோம். இவற்றைச் சாஸ்திர முறையில் பரிசோதித்தவர்கள் கண்ட முடிவுகளோ, நம் அநுமானங்களுக்குப் பல இடங்களில் நேர் விரோதமாக இருக்கின்றன.

பிரிட்டிஷ் தபால் இலாகாவில் நடந்த ஒரு பரிசோதனையை உதாரணமாகக் கொள்வோம். கடிதங்களை இயந்திரத்தின் உதவியால் ஊர்வாரியாகப் பிரிக்கும் முறை அங்கே வந்தபோது, தபால்காரர் பலருக்கு டைப் அடிக்கக் கற்பிக்க வேண்டிய அவசியம் நேர்ந்தது. எவ்விதம் கற்பித்தால் விரைவில் தேறுவர் என்பதை ஆலன் பேடலி, லாங்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, 1978-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தபால்காரர்களை அவர்கள் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே பழகினர். இரு பிரிவினர் வெவ்வேறு விதமாக இரண்டு மணி நேரம் பழகினர். நான்காம் பிரிவினர் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பழகினர்.

விளைவு என்ன? தினம் ஒரு மணி பழகியவர்கள் 55 மணி நேரத்தில் பெற்ற தேர்ச்சியைப் பெறுவதற்கு, தினம் நான்கு மணி பழகியவர்களுக்கு 80 மணி நேரம் பிடித்தது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. தங்கள் பயிற்சி முறை திருப்தியாக இருந்ததா என்று கேட்டபோது, மிகக் குறைந்த திருப்தி தெரிவித்தவர்கள் தினம் ஒரு மணி பழகியவர்களே! உழைத்த ஒவ்வொரு மணிக்கும் மிகுந்த பலன் கண்டவர்கள், தாங்கள் பின்தங்கி விட்டதாகவே எண்ணினார்கள். காரணம் எளிது. 80 மணி நேரம் என்பது நான்கு மணி வீதம் 20 நாட்களில் முடிந்துவிடும். 55 மணி நேரமோ, ஒரு மணி வீதம் 55 நாட்களுக்கு நீளும். நாட்களை எண்ணியவர்கள் சோர்ந்தார்கள். மணிகளை எண்ணியிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

இடைவிட்டுப் பழகுவதற்கு இத்தகைய சக்தி எங்கிருந்து வருகிறது? கையோ காலோ திறனைச் சேமித்து வைப்பதில்லை, மூளையே சேமிக்கிறது. அதுவும் செய்திகளை நினைவில் வைக்கும் வழியினின்றும் வேறான வழியில் சேமிக்கிறது. மூளையின் ஒரு பகுதி சத்திர சிகிச்சையில் நீக்கப்பட்டதால் புதிய சம்பவம் எதையும் நினைவில் நிறுத்த இயலாதிருந்த ஒருவரை, பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் பரிசோதித்து 1962-இல் எழுதினார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையும் கடினமான வேலையில் அவர் மூன்று நாட்களில் தேறினார். ஆனால் அதை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை. இந்தச் சேமிப்புக்குக் காலம் வேண்டும். பயிற்சி முடிந்து கை ஓய்ந்த பின்னரும் மூளையில் அவ்வேலை தொடர்கிறது. உறக்கமும் அதற்குத் துணை செய்கிறது என்று இந்நூற்றாண்டின் ஆராய்ச்சிகள் பல கூறுகின்றன. ஆகவே உறக்கத்தைக் குறைத்துப் பழகுபவன், விதைத்த நிலத்துக்கு நீர் பாய்ச்ச மறந்தவனை ஒப்பான்.

பழகும் வரிசையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர், கையை விரைந்து வீச வேண்டிய மூன்று வித அசைவுகளைச் சிலருக்குக் கற்பித்தனர். ஒரு சாரார் ஒன்றை முற்றும் பழகிய பிறகே அடுத்ததற்குச் சென்றனர். மற்றொரு சாரார் மூன்றையும் மாற்றி மாற்றிப் பழகினர். பழகும்போது முந்தியவர்கள் முதல் சாராரே. ஆனால் பத்து நாட்கள் சென்று சோதித்தபோது, கலந்து பழகியவர்களே மேம்பட்டு நின்றனர். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்பவனுக்குச் சிந்தனை வேண்டியதில்லை. மாற்றி மாற்றிச் செய்பவனோ ஒவ்வொரு முறையும் செயலைப் புதிதாக நினைவுக்குக் கொணர வேண்டும். அந்தச் சிரமமே திறனை வேரூன்றச் செய்கிறது. முதன்முதலில் கற்பவனுக்கு ஒன்றையே சில முறை செய்து காட்டிப் பழக்குவது அவசியந்தான்; அடி எடுத்து வைத்த பின்னரும் அதிலேயே நிற்பதுதான் தவறு.

இவ்விரு பரிசோதனைகளும் போதிப்பது ஒன்றே: பயிற்சியின்போது காணும் சரளம் வேறு, நிலைத்த தேர்ச்சி வேறு. முன்னதைப் பின்னதென்று மயங்குவதால் மாணவனின் உழைப்பும், பெற்றோரின் பணமும் வீணாகின்றன.

நம் நாட்டு டைப்ரைட்டிங் பயிற்சிக் கூடங்களில் மாணவர்கள் தினம் ஒரு மணி நேரம் வந்து பழகிச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சாஸ்திரம் பின்னர் ஆராய்ந்து கண்ட முறையோடு அது பொருந்துவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எத்தொழிலையும் சில நாட்களில் கற்பித்து விடுவதாக ஆசை காட்டும் விளம்பரங்களும் மலிந்துள்ளன. ஏழைக்கு நாட்களை நீட்ட வசதி ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உடனே வேலைக்குச் செல்ல வேண்டியவன் நான்கு மணி பழகுவதைக் குறை கூற முடியாது. எனினும் தினம் ஒரு மணி பழகுபவனுக்கு மீதிப் பொழுது கைவசம் இருக்கிறது. அதில் அவன் கூலிக்கு உழைக்கலாம், வேறொன்றைக் கற்கலாம். ஏழைக்கு ஏற்றது பெரும்பாலும் அம்முறையே.

தொழிற் பயிற்சி அளிக்கும் ஸ்தாபனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாடம் முடிந்த மாலையே பரீட்சித்துத் திருப்தி அடையாமல், சில நாள் கழித்து மீண்டும் பரீட்சித்துப் பார்க்கட்டும். மாணவர்களுக்கும் நாம் கூறுவது ஒன்றுண்டு: இன்று கை தடுமாறுகிறதே என்று மனந்தளர வேண்டாம். இடைவிட்டு, மாற்றி மாற்றி, நன்கு உறங்கிப் பழகுங்கள். தடுமாறிக் கற்ற கை எளிதில் மறவாது.