ஓ.சி. எனும் இரண்டெழுத்து

நம் ஊர்ப் பேச்சில் 'ஓ.சி.' என்றால் காசு கொடாமல் பெறுவது என்று பொருள். கணினிக் கடைகளிலோ அதே இரண்டெழுத்தைக் காட்டிக் கூடுதல் காசு கேட்பதுண்டு! இந்த விந்தையை நான் அறிந்தது 2023ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ளது குடிகாடு. அங்கிருந்து என் பழைய மாணவர் ஒருவர் தம் அத்தாவுடன் என்னைக் காண வந்தார். மாணவர் திருமண வீடியோக்களைத் தொகுக்கும் தொழிலில் இறங்கியிருந்தார். தந்தையோ வளைகுடாவில் உழைத்து, விடுமுறையில் ஊர் வந்திருந்தவர். அவர் கையில் இரு கடைகளின் கொட்டேஷன்கள் இருந்தன.

"ஹஜரத், இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டின் பெயர் ஒன்றுதான், விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றில் மட்டும் ஓ.சி. என்று போட்டிருக்கிறது. அதுதான் வேகமானது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

நானோ கலைப் பட்டதாரி, மின்னணுவியல் அறியாதவன். எனினும், பாடுபட்டுச் சேர்த்த பணம் அல்லவா? மாணவரையே துணைக்கு வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர்கள் வெளியிட்டிருந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம்.

ஓ.சி. என்பது யாது?

திரையில் தோன்றும் படங்களை உருவாக்கித் தரும் தனி அட்டையே கிராபிக்ஸ் கார்டு. அதன் நடுவேயுள்ள சில்லு, கடிகாரத் துடிப்பு போன்ற ஒரு சீரான துடிப்புக்கேற்ப இயங்குகிறது. சில்லை வடிவமைக்கும் நிறுவனம் அதற்கென ஒரு வேகத்தை விதிக்கிறது. அந்தச் சில்லை வாங்கி அட்டையாகச் செய்து விற்கும் நிறுவனங்கள், விதித்த வேகத்தைச் சற்றே உயர்த்தி அனுப்பினால் அதுவே 'ஓவர்கிளாக்' செய்யப்பட்ட அட்டை, சுருக்கமாக ஓ.சி.

இச்சொல்லுக்கு ஒரு காலத்தில் பெரும்புகழ் இருந்தது. 1998இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் செலரான் 300ஏ எனும் சில்லு, 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்டது. அதைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி இயக்கினர். ஒன்று வாங்கினால் அரை இலவசம் என்பது போன்ற ஆதாயம்! அந்தப் பழம்புகழே இன்றும் பெட்டிகளின் மீது ஒளிர்கிறது.

எண்கள் கூறும் உண்மை

எங்கள் கையிலிருந்த கொட்டேஷன்களில் கண்ட பெயர் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3060. இச்சில்லைக் கொண்ட அட்டைகள் 2021 பிப்ரவரியில் வெளியாயின. விதிக்கப்பட்ட உச்ச வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். சோட்டாக் நிறுவனத்தின் 'ட்வின் எட்ஜ்' அட்டையில் இதே வேகம். 'ட்வின் எட்ஜ் ஓ.சி.'யில் 1807. வேறுபாடு வெறும் 30. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை! ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை, மிக நல்ல நிலையில் 59 நிமிடத்தில் முடியும், அவ்வளவே. மிக உயர்ந்த வகையான ஆசுஸ் ஸ்ட்ரிக்ஸ் ஓ.சி.யிலும் 1882தான், நூற்றுக்கு ஆறு தேறாது.

அந்தச் சிறு வேறுபாடும் முழுமையாகக் கிட்டுவதில்லை. 2012ஆம் ஆண்டு முதல் என்விடியா சில்லுகள், சூடும் மின்சாரமும் இடம் தரும் அளவுக்குத் தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டுடன் வருகின்றன. ஆகவே சாதாரண அட்டையும் சும்மா இருப்பதில்லை. மாறாக, சூடு மிகுந்தால் எந்த அட்டையும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் வெந்து கிடக்கும் நம் கடலோர வீட்டு அறைகளில், பெட்டி மீதுள்ள எழுத்தைவிடப் பெரிய விசிறியும் காற்றோட்டமுள்ள கேபினெட்டுமே உதவும்.

கண்ணில் படாத எழுத்து

இவ்வளவும் எழுதிய பின்னரே மாணவர் திடுக்கிட்டு ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். ஓ.சி. அட்டையின் நினைவகம் 8 ஜிகாபைட். மற்றதில் 12 ஜிகாபைட்! 2022 இறுதியில் அதே 3060 பெயரில் 8 ஜிகாபைட் வகையும் விற்பனைக்கு வந்திருந்தது. அதில் குறைந்தது நினைவகத்தின் அளவு மட்டுமன்று; நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையிலான பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியிருந்தது. வினாடிக்கு 360 ஜிகாபைட் தகவல் சென்ற வழியில் 240தான் செல்லும். மூன்றில் ஒரு பங்கு இழப்பு! நூற்றுக்கு இரண்டு கூட்டி அதை ஈடுசெய்ய இயலுமா?

"ஓ.சி.யைப் பார்த்தோம், எட்டைப் பார்க்கவில்லை" என்றார் தந்தை. 12 ஜிகாபைட் சாதாரண அட்டையையே வாங்கிச் சென்றனர்.

வாங்குவோர் கவனத்திற்கு

அதன்பின் 2023இல் 4060, 2025இல் 5060 எனப் புதிய அட்டைகள் வந்துவிட்டன. எனினும் கணக்குப் பார்க்கும் முறை மாறவில்லை. முதலில் சில்லின் பெயர்; அடுத்து நினைவகத்தின் அளவும் பாதையின் அகலமும்; பின்னர் குளிர்விக்கும் அமைப்பும் உத்தரவாதக் காலமும்; இறுதியாகவே ஓ.சி.

விலைக்கும் வேகத்துக்கும் ஒரு வகுத்தல் கணக்கும் போடுங்கள். சாதாரண அட்டை 25,000 ரூபாய், ஓ.சி. 28,000 ரூபாய் என வைத்துக்கொண்டால், விலையில் நூற்றுக்கு 12 கூடுகிறது. வேகத்தில் இரண்டுகூடக் கூடவில்லை. அந்த 3,000 ரூபாயை நல்ல பவர் சப்ளைக்கோ கூடுதல் நினைவகத்துக்கோ செலவிடுவது மேல். விலை சமமாகவோ குளிர்விப்பு சிறந்ததாகவோ இருந்தால் ஓ.சி. வாங்குவதில் தவறில்லை. 30 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே வேண்டுமெனில், ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளால், உத்தரவாத நிபந்தனைகளைப் படித்தறிந்த பின், நாமே உயர்த்திக்கொள்ளலாம். அப்போதுதான் அது உண்மையான ஓ.சி.!

பழைய அட்டை வாங்குவோருக்கு ஒரு சொல். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதால், இரவு பகலாக அதற்கென உழைத்த அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. எவ்வாறு பயன்பட்டது என்று கேட்டறிந்து, ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். விற்பவர் நீங்களாயின், பொருளின் குறையை மறையாது கூறுங்கள். அதுவே நம் வணிக நெறி.

பெற்றோரே! பிள்ளைகள் கேட்கும் கருவி நமக்குப் புரியாததாக இருக்கலாம். ஆனால் அளந்து பார்த்து, வகுத்துப் பார்த்து வாங்கும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. துணிக்கடையில் முழம் போட்டுப் பார்க்கும் அதே கண்ணோடு கணினிக் கடைக்கும் செல்வோம். பிள்ளைகளையும் உடன் வைத்துக் கணக்குப் போடுவோம்.