வேரடியில் ஓர் உடன்படிக்கை

அக்குறணையின் வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடி படர நிற்கும் கிளிசரியா மரத்தை வெறும் தாங்குமரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் வேரைத் தோண்டினால் சிறுசிறு முடிச்சுகள் தென்படும். அவற்றினுள் வாழும் றைசோபியம் பற்றீரியாக்கள், வளியில் 78 வீதமாக இருந்தும் தாவரங்களால் நேரடியாகப் பயன்படுத்த முடியாத நைதரசனை அவை ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. கைம்மாறாக மரம், தான் ஒளித்தொகுப்பால் ஆக்கிய வெல்லத்தை வழங்குகிறது. உயிரியலாளர் இதனை ஒன்றியவாழ்வு என்பர்.

இத்தகைய உறவு மண்ணுக்கு மட்டும் உரியதன்று. 1977ஆம் ஆண்டு கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுக்களில் மட்டிகள் கண்டறியப்பட்டன. ஒளி எட்டாத அவ்விருளில், அவற்றின் செவுள்களில் வாழும் பற்றீரியாக்களே ஐதரசன் சல்பைட்டிலிருந்து சக்தி பெற்று உணவாக்கிக் கொடுக்கின்றன.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கும்வரை விவசாயிகள் பட்ட இன்னலை யாவரும் அறிவர். பற்றீரியா ஒரே நாளில் யூரியாவின் இடத்தை நிரப்பிவிடாது. ஆயினும் கிளிசரியாவின் கிளைகளைத் தறித்து, இலைகளை எரிக்காது மிளகின் அடியில் இட்டால், அந்த நைதரசன் கொடிக்கும் கிட்டும். மண்ணில் யூரியா மிகுந்தாலோ வேர்முடிச்சுகள் உருவாவதே குறையும். அளவறிந்து பசளையிடுவது இந்தப் பழைய உடன்படிக்கையைக் காப்பதுமாகும்.