தஞ்சைக்குப் போகிறவர்களுக்கு

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள், கல்தரை சுடும். 1010-இல் இராசராசன் கட்டிமுடித்த விமானத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். சுவரில் ஓடும் கல்வெட்டுகளையும் கொஞ்சம் நின்று பாருங்கள். கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றி அவை பேசுகின்றன. இன்னார், இன்ன ஊரிலிருந்து வந்தவர், இன்ன தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய முகவரிப் புத்தகம்! எந்தச் சிற்பத்தையும்விட எனக்கு இதுவே பெரிது.

பிறகு அரண்மனை வளாகத்தில் சோழர் செப்புத் திருமேனிகள், சரசுவதி மகால் நூலகத்து ஓலைச்சுவடிகள். சாயங்காலம் பக்கத்துத் திருவையாற்றுக்குப் போனால், பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய அசோகா அல்வா சுடச்சுடக் கிடைக்கும். ஒரே வேண்டுகோள்: கல்வெட்டு எழுத்துகளைக் கையால் தேய்க்காதீர்கள்.