எந்த வழியில் எத்தனை கிலோமீட்டர்?

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள். டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்றுதானே கேட்டீர்கள்? வழியைப் பொறுத்தது.

பூமி உருண்டைப் பொம்மை ஒன்றை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாக மறுபக்கம் இறங்கும். சுமார் 12,400 கிலோமீட்டர். இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஆனால் நூல் போகும் வழியில் திபெத் இருக்கிறது. மலை இடிக்கும் என்ற பயமில்லை, விமானம் அதற்கு வெகு மேலே பறக்கிறது. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால்? தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் ஆக்சிஜன் பெரும்பாலும் கால் மணி நேரம் வரும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்குள் விமானி பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் பல இடங்களில் தரையே பதினான்காயிரம் அடிக்கு மேல். எங்கே இறங்குவது?

அதனால் ஏர் இந்தியா மேற்கே போய், ஐரோப்பா, அட்லாண்டிக் என்று சுற்றிப் பறந்தது. ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் மூக்கைக் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாகப் போனார்கள். 15,300 கிலோமீட்டர், அதாவது 1,400 கூடுதல். ஆனால் விமானம் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,300ஐப் பதினான்கரையால் வகுத்தால் மணிக்கு 1,055 கிலோமீட்டர். அவர்கள் ஓட்டிய போயிங் 777 விமானம் தன் பலத்தில் காற்றைக் கிழித்துப் போகும் வேகம் 900ஐ ஒட்டித்தான். மீதி 150ஐக் கொடுத்தது பின்னாலிருந்து தள்ளிய காற்று. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் ஓடும் ஜெட் காற்று அது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் உச்சத்தில் இருக்கும், கோடையில் தணியும். மேற்கே போகும் விமானம் இதே காற்றை எதிர்த்து முட்ட வேண்டும்.

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசபுரோ ஓயிஷி. 1920களில் பலூன் விட்டு அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார், பாவம். வெளிநாட்டில் அதைச் சீந்துவாரில்லை. 1944இல் ஜப்பானைக் குண்டுவீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் நேரடியாகவே மாட்டிக்கொண்டன.

திரும்பி வரும்போது? வந்த வழியே வந்தால் காற்று எதிரில் நிற்கும். அதனால் சான்பிரான்சிஸ்கோவிலிருந்தும் கிழக்கேதான், அட்லாண்டிக் பக்கமாக டெல்லிக்குப் பறந்தார்கள். அப்போது போகவர டிக்கெட் எடுத்தவர் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.